மேற்குப் பார்த்த யன்னல்

காஞ்சிபுரத்தில் காற்றைக் கண்டால் கதவைச் சாத்துகிறார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு இந்த ஊரில் முதலில் விளங்காமல் போனது இதுதான். நம்மூரில் தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று எழும்பினால் யன்னலை அகலத் திறந்து, கொக்கியையும் மாட்டிவிட்டு, அதன் முன்னால் போய் இருந்துகொள்வோம். இங்கே பங்குனி பிறந்துவிட்டால், உலை இறக்கிய கையோடு, தெரு முழுக்க மேற்குப் பக்கத்துக் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக அடைபடும். எங்களைப் பார்க்கப் பிடிக்காமல்தான் சாத்துகிறார்கள் என்று வந்த புதிதில் நினைத்தேன். அப்படி நினைக்கக் காரணமும் இருந்தது. வாத்தியாரான என் கணவர் கோட்டும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு பாடசாலைக்குப் போகிறவர். நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தாலும், சப்பாத்துக் காலைப் பார்த்தவர்கள் எங்களை வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர் என்றார்கள். நான் வாயைத் திறந்தால் குழாயடியில் நிற்கும் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பேசுவதும் தமிழ், கேட்பதும் தமிழ். ஆனாலும் இடையில் ஒரு கடல் கிடந்தது.

பிள்ளையார்பாளையத்தில், தறிச் சத்தம் ஓயாத ஒரு தெருவில், வீட்டின் முன்பாதி எங்களுக்கு வாடகைக்குக் கிடைத்திருந்தது. படுக்கிற அறைக்கு ஒரே ஒரு யன்னல், அதுவும் மேற்குப் பார்த்தது. அதற்கு வெளியே ஒரு சந்து. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒதுங்க வேண்டிய அகலம்தான். சந்துக்கு அந்தப் பக்கம் ஏழுமலை என்ற நெசவாளியின் வீடு. அவருடைய தறி அறையின் யன்னல் சரியாக எங்கள் யன்னலுக்கு எதிரே இருந்தது. அவருடைய மனைவி குப்பம்மாவை நான் முதல் நாளே "அக்கா" என்று அழைத்தேன். அவள் என்னைச் "சிலோன்காரம்மா" என்றாள். ஒரு நாள் அவளை வீட்டுக்கு வரும்படி கேட்டேன். "வேலை எல்லாம் முடிச்சுப்போட்டு ஆறுதலா வாங்கோ அக்கா" என்றேன். அவள் முகம் கறுத்துவிட்டது.

"ஆறுதலுக்கா? எங்க வூட்ல இன்னாம்மா எழவா வுழுந்துச்சு?" என்று கேட்டுவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அவசரமில்லாமல் வரலாம் என்பதைத்தான் நாம் அப்படிச் சொல்கிறோம் என்று விளக்க, அவள் நிற்கவில்லை. அன்றிலிருந்து அவள் என்னைப் பார்க்கும் பார்வையில் ஒரு கணக்கெடுப்பு இருந்தது.

மகள் பாக்கியம் அப்போது தவழத் தொடங்காத பிள்ளை. சித்திரை பிறப்பதற்கு முன்னமே ஒரு மத்தியானம், நம்மூர்ப் பழக்கத்தில் யன்னலைத் திறந்தேன். காற்று வந்தது. சூளையின் வாயைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்தக் காற்று. பிள்ளையின் உதடு என் கண்முன்னாலேயே காய்ந்து வெடித்தது. சாத்தினால் புழுக்கம், திறந்தால் நெருப்பு. சாயங்காலம் கடற்பக்கத்திலிருந்து ஒரு தணிந்த காற்று வரும் என்றார்கள். அது வந்து சேரும்போது விளக்கேற்றும் நேரமாகிவிடும். அதுவரைக்கும் வேர்க்குரு மூடிய உடம்போடு பிள்ளை சிணுங்கிக்கொண்டே கிடந்தாள். பெரிய வீடுகளில் வெட்டிவேர்த் தட்டி கட்டியிருப்பதைப் பார்த்தேன். அதன் விலை ஒரு வாத்தியார் குடும்பத்துக்கு எட்டாதது. ஆகவே கையில் இருந்ததை வைத்து நானே ஒன்று செய்தேன்.

பிள்ளையோடு இந்தப் பக்கம் வந்து குடியிருக்கும் நம்மூர்ப் பெண்களுக்குப் பயன்படும் என்பதால் அதையும் எழுதிவிடுகிறேன். இங்குள்ள யன்னல்களுக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு என நாலு மரக்கதவுகள். கோடையில் மரம் சுருங்கி, சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி விட்டுவிடும். பழைய வேட்டியைக் கிழித்துத் திரியாக முறுக்கி, கஞ்சியில் நனைத்து, மேல்கதவுகளின் இடைவெளிகளில் கத்தி முனையால் திணித்தேன். புளியங்கொட்டையை இடித்துக் காய்ச்சிய பசையில் கொஞ்சம் மஞ்சளும் வேப்பிலைச் சாறும் கலந்துகொண்டால் பூச்சி அரிக்காது. அந்தப் பசையால் பழைய பத்திரிகைக் காகிதத்தை உட்பக்கம் இரட்டையாக ஒட்டினேன். கீழ்க்கதவுகளைத் திறந்துவிட்டு, அந்த இடத்தை அடைக்கத் தென்னோலையில் கிடுகு பின்னினேன். இங்கே அதைக் கீற்று என்பார்கள். இரண்டு கிடுகுக்கு நடுவே, கடையில் கழித்துப் போடும் வெட்டிவேர்த் துண்டுகளைப் பரப்பி வைத்துத் தைத்து, யன்னல் கம்பிகளோடு உட்பக்கமாகக் கட்டினேன். அதில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருந்தால் அனல்காற்று நனைந்து உள்ளே வரும். முதல் நாள் பாக்கியம் மத்தியானம் முழுக்கத் தூங்கினாள். அவளுக்குப் பக்கத்தில் நானும் தூங்கிவிட்டேன். மேல்கதவின் பலகையில் ஒரு கணு விழுந்த துளை இருந்தது. அறை முழு இருட்டாகிவிடக் கூடாதென்று, அதை மட்டும் காகிதம் ஒட்டாமல் விட்டிருந்தேன்.

தெருவுக்கு அந்தத் துளைதான் கண்ணில் பட்டது.

அது உப்புக் காய்ச்சி இரண்டு வருஷம் கழிந்த கோடை. கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தவர்களைப் போலீஸ் தேடிக்கொண்டிருந்த காலம். யார் எந்தப் பக்கம் என்று தெரியாமல் எல்லாரும் எல்லாரையும் சந்தேகித்தார்கள். எங்கிருந்தோ வந்த ஒரு குடும்பம், வெள்ளைக்காரர் பாடசாலையில் சம்பளம், மூடிக்கட்டிய யன்னல், அதில் ஒரே ஒரு துளை. எங்கள் வீட்டுப் படியைத் தாண்டிப் போகிறவர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டு போனார்கள். ஒரு நாள் குப்பம்மா சந்தில் நின்று நேராகவே கேட்டாள்.

"ஏம்மா, ஜன்னலை இப்படி மூட்டை கட்டினாப்ல கட்டி வச்சிக்கினு, உள்ள இன்னாதான் பண்றீங்க?"

"வெக்கை அக்கா. பிள்ளை தாங்குதில்லை."

"எங்க வூட்லயும் புள்ளைங்க இருந்துச்சுங்க. நாங்க ஓட்டை வச்சா வளத்தோம்?"

உண்மையைச் சொன்னால், எனக்கும் அவர்கள் மேல் சந்தேகம் இருந்தது. ஏழுமலை பாவு நூல் கொண்டுவர முதலாளி வீட்டுக்குப் போயிருக்கும் வேளையிலும் அந்தத் தறி அறையில் யாரோ இருமினார்கள். வறட்டு இருமல். வாயைப் பொத்திக்கொண்டு இருமுவது போலக் கேட்கும். குப்பம்மா சோற்றுத் தட்டைச் சேலைத் தலைப்பால் மூடி அந்த அறைக்குள் கொண்டுபோவதைத் துளை வழியாக நானும் பார்த்திருக்கிறேன். வைசூரியோ காசநோயோ வந்த யாரையோ நகரசபைக்காரருக்குத் தெரியாமல் மறைத்து வைத்திருக்கிறார்கள் என்று தீர்மானித்தேன். சந்துக்கு இந்தப் பக்கம் என் பிள்ளை கிடக்கிறாள். காகிதத்தை இன்னும் ஒரு சுற்று ஒட்டினேன். இரண்டு யன்னல்களுக்கும் நடுவே இருந்தது இரண்டே முழம். அந்த இரண்டு முழத்தில் இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் வேவு பார்த்தபடி குடும்பம் நடத்தினோம்.

ஒரு சனிக்கிழமை சைக்கிளில் ஒருவன் வந்தான். காக்கிக் கால்சட்டை, எண்ணெய் வழிய வாரிய தலை. என் கணவரைக் கூப்பிட்டு வாசலில் நின்றபடி, எதிர்வீட்டுக்கு யார் யார் வந்து போகிறார்கள், புதிதாக ஒரு இளைஞனைப் பார்த்தீர்களா என்று மெல்ல விசாரித்தான். அறைக் கதவுக்குப் பின்னால் நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் எந்தக் காலத்திலும் குரலை உயர்த்துகிறவரல்ல. பல்லைக் கடித்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்: "அடுத்த வீட்டுப் புதினம் கேக்க என்ரை வாசலுக்கோ வந்தனீர்? வெக்கமில்லையோ? முதலிலை இந்தப் படியை விட்டு இறங்கும்." இன்னும் என்னென்னவோ சொன்னார். வந்தவன் அசையாமல் கேட்டுவிட்டு, சிரித்து, கும்பிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனான். தெருவில் இருந்தவர்களுக்கு வார்த்தை ஒன்றும் கேட்டிருக்காது. இரண்டு பேர் நெடுநேரம் நின்றதும், போகும்போது ஒருவன் கும்பிட்டதும் கண்ணுக்குத் தெரிந்திருக்கும்.

சில நாள் கழித்து, உச்சி வெயிலில் போலீஸ் வந்தது. தறி அறைக்குள்ளிருந்து ஏழுமலையின் தம்பி கன்னியப்பனைக் கையைப் பின்னால் கட்டிக் கொண்டுவந்தார்கள். எலும்பும் தோலுமாக ஒரு இளைஞன். வெளிச்சத்தில் கண்ணைத் திறக்க முடியாமல் இருமிக்கொண்டே நடந்தான். இருமலுக்குச் சொந்தக்காரன் அவன்தான். நோயாளியை அல்ல, மறியல்காரனைத்தான் மறைத்து வைத்திருந்தார்கள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. குப்பம்மா போலீஸ்காரர் பின்னாலேயே தெருமுனை வரை ஓடினாள். திரும்பி வரும்போது அவள் தன் வீட்டைப் பார்க்கவில்லை. எங்கள் யன்னலைத்தான் பார்த்தாள்.

மறுநாள் குழாயடியில் அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். குரல் அமைதியாக இருந்தது.

"அன்னிக்கு சைக்கிள்ல ஒருத்தன் வந்தானே, அவன்கிட்ட உன் வூட்டுக்காரர் பேசினாரா?"

அவர் செய்ததைச் சொல்ல எனக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்ததே என்று இருந்தது. "ஓம் அக்கா, நல்லாப் பேசினவர்" என்றேன். பெருமையோடுதான் சொன்னேன்.

அவள் திரும்பி மற்றப் பெண்களைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற பெண் என் குடத்தைக் காலால் நகர்த்திவிட்டுத் தன் குடத்தை வைத்தாள். அன்று எனக்குத் தண்ணீர் முறை வரவே இல்லை. அடுத்த நாளும் அப்படியே. வீட்டில் மோர் ஊற்றுகிறவள் எங்கள் வாசலைத் தாண்டிப் போனாள். என்ன நடந்ததென்றே எனக்குப் பிடிபடவில்லை. சாயங்காலம் அவர் வந்தபோது, எனக்குள்ளேயே அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டேன். நான் கதவுக்குப் பின்னால் நின்றது ஒரு நாள்தான். பாடசாலைக்கு அந்த மனிதன் போயிருந்தால்?

"நீங்கள் அவனோடை வேறை எங்கையும் கதைச்சனீங்களோ?"

அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்த கை நின்றது. "நீயுமோ?" என்றார். சோறு ஆறிக் கிடந்தது.

அதற்கடுத்த நாள் முற்பகல் நான் அடுப்படியில் இருந்தபோது, யாரோ சந்திலிருந்து கம்பிக்குள் கழியை விட்டுத் தட்டியைக் குத்திக் கிழித்துவிட்டார்கள். ஓடி வந்து பார்த்தால் ஓலையும் வேரும் தொட்டிலைச் சுற்றிச் சிதறிக் கிடந்தன. மேல்கதவுக் காகிதமும் கிழிந்து தொங்கியது. கீழ்க்கதவுகளைச் சாத்தினேன். நனைக்கத் தண்ணீர் இல்லை. குடத்தின் அடியில் குடிக்க இருந்தது மட்டும்தான். வெயில் மேற்கே சாய்ந்தபோது அறை சூளையாகிவிட்டது. பாக்கியம் முதலில் அழுதாள். பிறகு அழுகை முனகலாயிற்று. பிறகு அதுவும் நின்றது. மார்பில் வைத்தால் வாய் பற்றவில்லை. உச்சிக்குழி உள்ளே இறங்கியிருந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். "ஆராவது வாங்கோ!" என்று கத்தினேன். கதவுகளுக்குப் பின்னால் ஆட்கள் இருப்பது தெரிந்தது. தறிச் சத்தம்கூட நின்றுவிட்டது. ஒரு கதவும் திறக்கவில்லை.

கடைசியில் திறந்தது குப்பம்மாவின் கதவு. அவள் எனக்கு உதவி செய்ய வரவில்லை, சண்டைக்குத்தான் வந்தாள்.

"எங்க புள்ளையக் காட்டிக் கொடுத்துட்டு இப்ப எங்க வாசல்லயே வந்து கத்துறியா?"

"ஆர் காட்டிக்குடுத்தது? நாங்களோ?"

"உன் வாயாலதானேடி சொன்ன! பேசினாருன்னு, நல்லா பேசினாருன்னு சொன்னியா இல்லியா?"

"ஓம், பேசினவர்! படியை விட்டு இறங்கு எண்டு பேசினவர். வெக்கமில்லையோ எண்டு பேசினவர். திட்டினவர் அக்கா, திட்டினவர்!"

அவள் நின்றுவிட்டாள். நம்மூரில் "பேசினார்" என்றால் திட்டினார் என்று பொருள். வெறுமனே உரையாடுவதைக் கதைப்பது என்போம். இங்கே பேசுவதென்றால் உரையாடுவதுதான். அந்த ஒரு சொல்லால் எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் நின்றிருந்தது. அதை நான் அழுதழுது சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். நம்பினாள் என்று சொல்ல மாட்டேன்.

"இப்ப வார்த்தைய மாத்திக்கினு நிக்கிறியா?" என்றாள். அதே மூச்சில் அவள் பார்வை என் தோளில் கிடந்த பிள்ளையின் தலைக்கு இறங்கியது. கையை நீட்டி உச்சிக்குழியைத் தொட்டாள். "அய்யய்யோ, கொழந்தைக்குத் தண்ணி வத்திப்போச்சே!"

அவளே பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். தறி அறை மண் தரையில் ஈரச் சேலையை விரித்துப் பாக்கியத்தைக் கிடத்தினாள். ஆறவைத்த தண்ணீரில் உப்பும் வெல்லமும் கரைத்து, துணியை நனைத்துச் சொட்டுச் சொட்டாக நாக்கில் விட்டோம். ஏழுமலை தறியிலிருந்து எழுந்து, விசிறியை எடுத்து வீசினார். கன்னியப்பனின் பாய் சுருட்டியபடி மூலையில் நின்றது. நான் அதைப் பார்ப்பதைக் குப்பம்மா பார்த்தாள். நான் கண்ணைத் திருப்பிக்கொண்டேன். வெயில் இறங்கும் நேரத்தில் பாக்கியம் வாயைச் சப்பினாள். பிறகு மார்பைப் பற்றினாள். நான் சுவரில் சாய்ந்து விம்மி விம்மி அழுதேன். "அழுவாத, பால் வத்திடும்" என்றாள் குப்பம்மா. ஒரு தாய் இன்னொரு தாயிடம் பேசிய குரல் அது. ஆனால் நான் புறப்பட்டபோது, வாசலில் மறித்து நின்றாள்.

"திரும்பவும் தட்டி கட்டுவியா?"

"கட்டாமல் என்ன செய்யிறது அக்கா?"

"கட்டு. ஆனா உள்ள கட்டாத. கம்பிக்கு வெளிய, சந்துப் பக்கம் கட்டு. தண்ணி நான் ஊத்தறேன். அந்த ஓட்டையையும் அடைச்சிடு. எல்லாம் என் கண்ணு முன்னாடி இருக்கட்டும்."

அப்படியே செய்தோம். புதிதாகப் பின்னிய தட்டியைச் சந்துப் பக்கமாகக் கட்டினேன். கணுத் துளையில் துணித்திரியை அடைத்து, மேலே காகிதத்தை ஒட்டினேன். அந்தக் கோடை முழுவதும், வேலைக்கு நடுவே குப்பம்மா எழுந்து வந்து, செம்பில் தண்ணீர் மொண்டு தட்டியில் வீசுவாள். ஓலையில் நீர் விழும் ஓசை உள்ளே எனக்குக் கேட்கும். சில வேளைகளில் தண்ணீர் ஊற்றி முடித்த பிறகும் அவள் காலடிச் சத்தம் போகாது. அங்கேயே நிற்கிறாள் என்பது தெரியும். பிள்ளை தூங்குகிறாளா என்று கேட்கிறாளா, நாங்கள் என்ன கதைக்கிறோம் என்று கேட்கிறாளா? நான் மூச்சை அடக்கிக்கொண்டு கிடப்பேன். குழாயடியில் எனக்கு மறுபடியும் முறை கிடைத்தது. குடத்தை ஒதுக்கியவளே என் குடத்துக்கு இடம் விட்டாள். ஆனால் அவர் தெருவில் வந்தால் பேச்சு நிற்பது மட்டும் நிற்கவில்லை. தட்டியைக் குத்தியது யார் என்று நான் கேட்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை.

கன்னியப்பன் அடுத்த தை மாதம் விடுதலையாகி வந்தான். தெருவே திரண்டு மாலை போட்டது. என் கணவர் எங்கள் வாசலில் நின்று கைகூப்பினார். யாரும் அவரை வா என்றும் அழைக்கவில்லை, போ என்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, நான் பாக்கியத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சந்தில் நின்றபோது, கன்னியப்பன் எதிரே வந்து சுவரோடு ஒதுங்கி வழிவிட்டான். பிறகு கேட்டான்:

"ஒண்ணு கேக்கட்டாம்மா? நான் உள்ள ஒளிஞ்சிக்கினு இருந்தப்ப, என் இருமல் உங்க வூட்டுக்குக் கேட்டுச்சா?"

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஓம், கேட்டது" என்றேன்.

"அப்ப தெரிஞ்சிருக்குது" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டான். நோயாளி என்றுதான் நினைத்தேன் என்று அவன் முதுகுக்குப் பின்னால் சொன்னேன். கேட்டதோ இல்லையோ. அவனைக் காட்டிக்கொடுத்தது யார் என்பது இன்றுவரை தெரியாது. கள்ளுக்கடைக்காரன் என்பார்கள், பாவு ஓட்ட வந்தவன் என்பார்கள். எங்கள் பெயரையும் சொல்கிறவர்கள் இருப்பார்கள். "நீயுமோ" என்ற அந்தச் சொல்லுக்குப் பிறகு அவரும் நானும் அதைப் பற்றிக் கதைத்ததில்லை. அவர் சொல்லவில்லை என்றுதான் நம்புகிறேன். நம்புகிறேன் என்று எழுத வேண்டியிருக்கிறதே, அது வேறு விஷயம்.

போன வருஷம் என் தம்பியின் கல்யாணத்துக்காக, பல வருஷத்துக்குப் பின் ஊருக்குப் புறப்பட்டோம். மண்டபம் முகாமில் கப்பலுக்குப் போகிறவர்களை நிறுத்திக் காய்ச்சலும் அம்மையும் இருக்கிறதா என்று சோதிப்பார்கள். நாக்கையும் கண்ணையும் பார்த்துவிட்டு, மேசைக்குப் பின்னால் இருந்தவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். என் பேச்சு ஒரு தினுசாகவும் காஞ்சிபுரத்தில் வளர்ந்த பிள்ளையின் பேச்சு இன்னொரு தினுசாகவும் இருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை போலும்.

"எங்கே போறீங்க?"

"ஊருக்குப் போறம்" என்றேன்.

பாக்கியம் என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "இல்ல சார்," என்றாள் அவசரமாக, "ஊர்லேர்ந்து வந்துக்கினு இருக்கோம்."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு பேரில் யார் பொய் சொல்கிறார் என்று தேடுகிற பார்வை. பின்னால் வரிசை நெருக்கியது. கப்பலடிக்குப் போகிற ரயில் ஊதிற்று. நான் பிள்ளையின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, அவர் யாரை நம்பப்போகிறார் என்று பார்த்தபடி நின்றேன்.